கேப்டனின் ரொட்டிக்கடை

இடைவேளை விளக்குகள் எரிந்தபோதும் என் கணவர் விழித்துக்கொண்டிருந்தார்.

இந்த விண்வெளிப் பட வரிசையில் இது ஆறாம் பாகம். முந்தைய பாகங்களில் நான் பார்க்க ஒருமுறைகூட நடக்காத சங்கதி இது.

அவர் ரொட்டி சுடுகிறவர். விடிவதற்கு முன்பே அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதர். மதியக் காட்சிக்குக் கூட்டிவந்து, விளக்கை அணைத்து, ஏசியையும் போட்டால் என்ன ஆகும்? விண்கலம் கிளம்புவதற்குள் அவர் தூக்கத்துக்குக் கிளம்பிவிடுவார்.

படம் விட்டதும் பேருந்து நிறுத்தம் வரை நடந்துகொண்டே நான் கதை சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம்.

இந்த மாதம் அவரைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று விடுமுறை வேறு. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர், கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அதுதான் சிக்கல்.

நான் கோர்ட்டில் சுருக்கெழுத்தர். சாட்சி சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எடுப்பது என் வேலை. நீதிபதிக்கே சந்தேகம் வந்தால் என் தாளைத்தான் கேட்பார்.

அப்படிப்பட்ட நான், கட்டின புருஷனிடம் எட்டு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் பாகத்தில் கேப்டன் செத்துவிட்டார். மற்றவர்கள் தப்பிக்க, கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு எரிகிற கலத்திலேயே நின்றுவிட்டார்.

முதல் இரண்டு பாகங்களுக்கும் எங்களைக் கூட்டிப்போனது என் கணவரின் அண்ணன். கேப்டன் என்றால் அவருக்கு உயிர். படத்தில் தூங்கிவிடும் தம்பிக்கு நிறுத்தம் வரை கதை சொல்லும் வழக்கத்தை ஆரம்பித்ததும் அவர்தான்.

மூன்றாம் பாகம் வந்தபோது அண்ணன் தவறிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அண்ணன் இருந்தால் முதல் நாளே போயிருப்பார் என்று இவர் கேட்கவில்லை. அன்று கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். குறட்டைகூட இல்லை.

வெளியே வந்ததும், "கேப்டன் என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. தப்பித்துவிட்டார் என்றேன். குப்பையை வெளியே தள்ளும் குழாய் வழியாக. வாயில் வந்ததுதான்.

பிறகு விட்ட இடத்திலிருந்து நான்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. நான்காம் பாகம் முடிந்ததும், கேப்டன் ஒரு குட்டி நிலவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார் என்றேன். காற்றே இல்லாத இடத்தில் அடுப்பு எப்படி எரியும் என்று இரண்டு நாள் என்னைக் குடைந்தெடுத்தார். ஐந்தாம் பாகத்தில் கடைக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே காற்றை நிரப்பிக் கொடுத்தேன்.

கேப்டன் எப்போதோ செத்தாயிற்று என்று கூட வேலை செய்பவர்கள் இவரிடம் சண்டைக்கு வந்தார்களாம். அவர்களும் படத்தில் தூங்கியிருப்பார்கள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நான் அடுக்களைப் பக்கம் நழுவிவிட்டேன்.

இரண்டாம் பாகத்துக்கு மேல் எல்லாம் அரைத்த மாவையே அரைக்கிற வேலை என்பார் எங்கள் தலைமை எழுத்தர். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆறையும் பார்க்கத்தான் வேண்டும். கதையில் ஓட்டை இருக்கிறது, வாஸ்தவம். அந்த ஓட்டைகளுக்குள்தான் ஒரு மனிதரை எட்டு வருடமாக உயிரோடு வைத்திருக்கிறேன்.

இடைவேளை முடிந்தது. பத்தே நிமிடத்தில் திரையில் ஒரு நினைவுக்கல் வந்தது.

கேப்டனின் பெயர். பிறந்த வருடம். இறந்த வருடம். கலத்தின் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். எழுத்துகள் திரை முழுக்க நின்று நிதானமாக எரிச்சலைக் கிளப்பின.

நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாப்கார்னை எடுத்த கை நேராக வாய்க்குப் போனது.

கோபப்பட்டால் படட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அண்ணனை இன்னொரு முறை பறிகொடுத்த மாதிரி உடைந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் பயம். மீதிப் படத்தில் யார் யாரைச் சுட்டார்கள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

வெளியே வந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பாதி தூரம் வந்தாயிற்று. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"மூணாம் பாகத்துல நான் தூங்கவே இல்ல," என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "நீ அவர அந்தக் குழாய் வழியா வெளிய கொண்டுவந்த பாரு, அதுக்கப்புறம்தான் ரெண்டு படமும் நிம்மதியா தூங்கினேன்."

கைக்குட்டை ஞாபகத்துக்கு வந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கண் கரித்தது. அவர் நாலடி முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து, என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

நிறுத்தத்தில் எங்கள் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதை அவர் போக விட்டார். பெஞ்சில் எனக்கு இடம் துடைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முழுப் படத்தையும் கண் கொட்டாமல் பார்த்த மனிதர், கதைக்காகக் காத்திருந்தார்.

அந்தக் கல்லை வைத்தவர்களுக்கு விவரம் பத்தாது என்று ஆரம்பித்தேன். கேப்டன் அந்த நேரம் இரண்டாவது அடுப்பு வாங்கப் போயிருந்தார்.