ஓசை அடங்கிய பிறகு

"ஒவ்வொரு கச்சேரியிலயும் கடைசியில சத்தமே அடங்கிப் போகுது. அப்புறமும் பியானோ கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்களே, எதுக்கும்மா?"

கேட்டவர் இசை அரங்கின் மேனேஜர். அன்றைய கச்சேரி ஆரம்பிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. பியானோக்காரம்மா விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னும் முடிஞ்சிருக்காதே சார்."

"நீங்க வாசிக்கிறது ஆர்கனுக்கு எழுதினது. அதுல அழுத்திப் பிடிச்சா, பிடிச்ச வரைக்கும் சத்தம் வரும். அதை நீங்க பியானோவுக்கு மாத்தி வாசிக்கிறீங்க. இதுல தானா அடங்கிடும். கரண்ட் போன வீட்டுல சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கதையா இல்ல இருக்கு!"

அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க. கை தட்டலாமா வேண்டாமான்னு ஜனம் முழிக்குது. போன தடவை ஒருத்தர், 'அந்தம்மா தூங்கிட்டாங்களா'ன்னே கேட்டுட்டார். இன்னைக்கும் இப்படின்னா அடுத்த மாசம் வேற ஆள்தான்."

சிரிப்பு நின்றது. "இந்த மேடையை விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல சார்."

"அப்ப சொல்றதைக் கேளுங்க. உங்க ஸ்வரத் தாளைப் பக்கம் திருப்புற பொண்ணு இன்னைக்கு லீவு. நானே பக்கத்துல உட்காருறேன். சத்தம் அடங்கினதும் முழங்கையால இடிப்பேன். கையை எடுத்துடணும்."

கச்சேரி ஆரம்பித்தது. மேனேஜர் மாய்ந்து மாய்ந்து பக்கம் திருப்பினார். அவளோ தாளைப் பார்க்கவே இல்லை. அவள் கண் எங்கேயோ இருந்தது.

'பார்க்காதவளுக்குத் திருப்ப ஒரு ஆளா?'

கடைசி ஸ்வரம் முழங்கி, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போனது.

இடித்தார். கை அசையவில்லை. இன்னும் பலமாக இடித்தார்.

"எடுங்கம்மா!"

"முன்வரிசை ஓரத்துல என் வீட்டுக்காரர். பாருங்க." உதடு அசையாமல் சொன்னாள்.

பார்த்தார். இதே அரங்கில் வருஷக்கணக்கில் ஆர்கன் வாசித்தவர். காது சுத்தமாகப் போனபின் விட்டுவிட்டவர். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ஆர்கனில் அடி ஸ்வரங்களைக் காலால்தான் வாசிக்க வேண்டும். அவருடைய இடது கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"நான் கையை எடுத்தா எல்லாரும் தட்டுவாங்க. தரை அதிரும். அவர் வாசிப்பு பாதியில நின்னுடும் சார்."

பின்வரிசையில் ஒருவர் கைதட்ட எழுந்தார்.

மேனேஜர் அவரை முறைத்து, உதட்டில் விரலை வைத்தார்.