காதுகுத்தியின் ஒற்றை நட்சத்திரம்

"இந்தக் கூத்தை வந்து பாரு!" என்று கணினி முன்னால் கொதித்தார் கணவர். ஊர் உலகம் கேட்டிராத ஒரு பிரிட்டிஷ் சைக்கடெலிக் ராக் ஆல்பத்துக்கு, இசை இணையதளம் ஒன்றின் கருத்துப் பகுதியில் அவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். 'காதுகுத்தி' என்ற புனைபெயரில் ஓர் ஆசாமி ஒன்றே ஒன்று போட்டு, "கிதார் வாசிக்கிறார்களா, பாத்திரம் தேய்க்கிறார்களா?" என்று கேட்டிருந்தான்.

"ஆறு வருஷமா என் உயிரை வாங்கறான். பதில் எழுதாம எனக்குச் சாப்பாடு இறங்காது."

"எழுதுங்க, நாட்டுக்கு ரொம்ப முக்கியம்" என்றாள் மனைவி.

எழுதினார். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மகள் கேட்டாள். "அம்மா, அந்தக் காதுகுத்திக்கு அப்பா போனதைச் சொல்லிடலாமா?"

"காதுகுத்திக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா, கைபேசியில் காதுகுத்தியின் கடவுச்சொல்லை அடித்துக்கொண்டே.

மகள் கைபேசியை எட்டிப் பார்த்தாள். "இப்பவாவது அஞ்சு போடேம்மா!"

"போட்டா, ஜெயிச்சிட்டேன்னு குதிப்பார் உங்கப்பா."

இருவர் மட்டுமே மதிப்பிட்ட அந்த ஆல்பத்தின் சராசரி, இன்றும் மூன்று நட்சத்திரம்தான்.