ஆறாவது ஃபெண்டர்

கூதிர்ப் பருவம் வந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவரைப் போல, வானம் பேசாமல் கூரைமேல் தாழ்ந்து அமர்ந்திருந்தது.

மேசைமேல் ஒரு முழ நீளத்தில் இழுவைப் படகின் மாதிரி. மூழ்கிய அந்தப் படகில் போனவன் என் தம்பி. மோதலைத் தாங்கும் ஆறு கயிற்று ஃபெண்டர்களில் ஒன்றை அவன் கட்டாமல் விட்டதே விபத்துக்குக் காரணம் என்றது அறிக்கை. துறைமுகக் காட்சிக்கூடத்துக்காக நான் செய்யும் இந்த மாதிரியிலும் ஐந்துதான் இருக்க வேண்டுமாம்.

பருத்தி நூலைத் தேநீரில் ஊறவைத்து, துணித்திரியின்மேல் பின்னி, ஐந்து கட்டினேன். காலையில் ஆறு தொங்கின. ஆறாவது ஈரமாக இருந்தது. அறுத்தெறிந்தேன். மறுநாளும் ஆறு.

"நீ கட்டுனியா?" என்று மனைவியிடம் சீறினேன்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. முடிச்சப் பாருங்க, இடக்கை முடிச்சு. உங்க வீட்டுல இடக்கைப் பழக்கம் யாருக்கு?"

துறைமுக அதிகாரி வந்து எண்ணினார். "அறிக்கையில அஞ்சுதான் சார். ஒண்ண எடுத்துடுங்க."

"நீங்களே எடுங்க!"

இழுத்தார். நூலளவுக் கயிறு அசையவில்லை. அவர் விரலிலிருந்து உப்புநீர் சொட்டியது.

"செத்தவன்மேல பழி போட நாக்கு கூசலையா உங்களுக்கு?" என்றேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார்.

நான் படகின்முன் கைகூப்பி நின்றேன். மனைவி ஆறாவதன் ஈரத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க இருந்தாலும் நல்லா இருங்க தம்பி" என்றாள்.