மூன்றாம் பெஞ்சுக்கு மூன்றாம் காட்சி

டெல்பின் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் பெஞ்சில் நடு இடம். அவளுடைய இடம்தான்.

கரும்பலகையருகே நின்ற ஆசிரியை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டாம் பெஞ்சு இன்னும் நாடகத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அரசனாக ஒருத்தி உறுமினாள்.

யாரும் சிரிக்கவில்லை. சற்று முன்புவரை சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு.

டெல்பினின் அப்பா போன படகு திரும்பவில்லை. புயலுக்கு முந்தின நாள் போனது. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. அதன்பிறகு டெல்பின் பள்ளிக்கு வரவில்லை. இன்று மாலை வகுப்புக்கு, பாதியில், முகம் கழுவித் தலை சீவி வந்திருக்கிறாள்.

வருவாள் என்று ஆசிரியை நினைக்கவில்லை.

பெஞ்சுக்கு ஒரு காட்சி. பெஞ்சில் இருப்பவர்களுக்கு, உட்கார்ந்திருக்கும் வரிசையில், ஆளுக்கொரு வேடம். அது ஆசிரியை வகுத்த முறை. பிடித்த பிள்ளைக்குத்தான் ராஜா வேடம் கிடைக்கிறது என்று ஒரு பேச்சு வந்ததிலிருந்து அவள் அதை மீறியதே இல்லை.

மூன்றாம் காட்சியில் காவலன், தாய், தூதன்.

நடுவில் இருப்பது தாய்.

டெல்பின் இல்லாததால், தாயைத் தானே படித்துக்கொள்வதாக ஆசிரியை பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். அந்தக் குறிப்பின் மேல் இப்போது கட்டைவிரல் இருந்தது.

காலையில் தலைமையாசிரியர் கேட்டார்.

“ஒரு மார்க்குக்கு எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? அந்தக் காலத்து நாடகம், பிள்ளையளுக்கு என்ன வெளங்கும்? கைடுல சுருக்கம் கெடக்கு. அதச் சொல்லிட்டு மேல போங்க.”

விளங்கும் சார் என்றாள். வாய்விட்டுப் படித்தால் விளங்கும். ஒரு வரிகூட விடமாட்டேன் என்றும் சொன்னாள்.

இப்போதும் வழி இருந்தது.

நிறுத்தலாம். நேரமாகிவிட்டது எனலாம். குறித்து வைத்தபடி தாயைத் தானே படிக்கலாம்.

ஆனால் இதுவரை யாரையும் அவள் தாண்டிப் போனதில்லை. இன்று டெல்பினைத் தாண்டினால், ஊரில் யாரும் வாய்திறந்து சொல்லாத ஒன்றை எல்லோர் முன்னாலும் சொன்னதாகிவிடும்.

அடுத்த பக்கத்தில் தூதன் வருகிறான்.

என்ன செய்தி கொண்டுவருகிறான் என்று வகுப்புக்குத் தெரியும். கதையைப் போன வாரமே சொல்லியாகிவிட்டது. டெல்பின் அன்று இருந்தாளா?

நினைவில்லை.

இரண்டாம் பெஞ்சு உட்கார்ந்தது.

மூன்றாம் பெஞ்சு எழுந்தது.

“ஏ வாட்ச்மேனு, சத்தமாப் படிட்டி!” பின்னாலிருந்து ஒருத்தி.

“சும்மா கெடட்டி,” என்று இன்னொருத்தி அடக்கினாள்.

ரெனிட்டாதான் காவலன்.

“இருள் சூழ்ந்தது, தாயே. கோட்டைக் கதவை அடைக்கலாமா?”

டெல்பின் வரியில் விரலை வைத்தாள்.

“அடைக்காதே. என் மகன் இன்னும் வரவில்லை.”

குரல் தெளிவாகத்தான் இருந்தது.

இனி தூதன், ஷைனி. எழுத்துக்கூட்டிப் படிப்பவள். சொல்லுக்குச் சொல் தடுக்கி நிற்பவள். அவள் தடுக்கி நிற்கட்டும், முதல் சொல்லிலேயே நிற்கட்டும் என்று ஆசிரியை காத்திருந்தாள்.

ஷைனி தடுக்கி நிற்கவில்லை.

“தாயே, வழியில் பெருங்காற்று. தங்கள் மகன் வேறு ஊரில் கரையேறிவிட்டான். நாளைக்கு வந்துவிடுவான்.”

புத்தகத்தில் அப்படி இல்லை.

மகன் போர்க்களத்தில் வீழ்ந்தான் என்றுதான் இருந்தது. அந்த நாடகத்தில் கடலே கிடையாது.

எல்லோர் முன்னாலும் புத்தகம் திறந்திருந்தது. ஒரு சொல் பிசகினால் சேர்ந்து கத்தும் பிள்ளைகள். ஒருத்திகூடக் கத்தவில்லை.

ரெனிட்டா ஷைனியைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். காவலனுக்கு அங்கே ஒரு வரி இருந்தது. இனியேனும் அடைக்கலாமா, தாயே?

“அப்போ... அப்படியானால் விளக்கை அணைக்க வேண்டாம், தாயே.”

திருத்த வேண்டும். ஆசிரியையின் வாய் திறந்து மூடியது. ஒரு வரிகூட விடமாட்டேன் என்று சொன்ன வாய்.

டெல்பினுக்கு இன்னும் ஒரு வரி இருந்தது. சாவுச் செய்தி கேட்டபின் தாய் சொல்வது. ஷைனி சொன்னதற்கு அது பொருந்தாது. இவளும் எதையாவது சொந்தமாகச் சொல்லிவிடட்டும் என்று ஆசிரியை வேண்டிக்கொண்டாள்.

டெல்பின் யாரையும் பார்க்கவில்லை.

அவள் விரல் மெதுவாக நகர்ந்தது. ஷைனி படிக்காத வரியின் அடியில் கொஞ்ச நேரம் நின்றது. ரெனிட்டா படிக்காத வரியைக் கடந்தது. தன் வரிக்கு வந்தது.

“அறிவேன். இருந்தாலும் கதவு திறந்தே இருக்கட்டும்.”

ஓர் எழுத்தும் மாறவில்லை.

மூன்று பேரும் உட்காராமல் நின்றார்கள்.

புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், ‘திரை’ என்று ஒரு சொல் இருந்தது.

அதை யார் படிப்பது என்று ஆசிரியை முறை வகுத்திருக்கவில்லை.