தம்பிக்குக் கொடுத்த ஹாரன்

நம்பினால் நம்புங்கள், ஒரு வீட்டுக் கொட்டகையில் இரண்டு பழைய கார்கள் அண்ணன் தம்பியாக வாழ்ந்தன. ஒருநாள் தம்பிக்கு வாட்டர் பம்ப் உடைந்தது. முதலாளியே ஸ்பானரோடு வந்து, அண்ணனுடையதைக் கழற்றித் தம்பிக்கு மாட்டினார்.

“வலிக்குதாண்ணே?”

“அட போடா! நீ முதல்ல ஓடு. எனக்குப் புதுசு வாங்கிப் போடாமலா இருப்பாரு?”

அடுத்து அண்ணனின் கார்புரேட்டர் தம்பிக்குப் போனது. பிறகு ஹாரனும் போனது. அதோடு அண்ணனுக்குப் பேச்சு நின்றது. ஆனாலும் காத்திருந்தது.

கடைசியில் பழைய இரும்பு ஏற்றும் லாரிதான் வந்தது. சங்கிலி போட்டு இழுத்தபோது, தம்பியைக் கூப்பிட அண்ணனுக்குக் குரல் இல்லை.

வாசலில் ஊர் சுற்றக் கிளம்பிய தம்பி, குறுக்கே நின்ற லாரியைப் பார்த்து, “வழியை விடுய்யா!” என்று ஹாரன் அடித்தது.

லாரியின் மேலிருந்த அண்ணனுக்குத் தன் குரல் நன்றாகவே கேட்டது.