குழிக்குள் பந்து

"இந்த வயசில இதெல்லாம் ஒரு விளையாட்டா? நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். கூடத்தின் நடுவில் அவள் கணவர் கோல்ஃப் மட்டையோடு குனிந்திருந்தார். அச்சகத்தில் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர். சுவரோரம் ஒரு டம்ளர் படுத்துக் கிடந்தது. அதுதான் குழி. மணிக்கட்டை முறுக்கி ஒரு தட்டு தட்டினார். பந்து டம்ளர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"அது என்ன பைக் ஆக்ஸிலேட்டரா, அப்படி முறுக்கறீங்க?"

"எத்தனை வருஷப் பழக்கம்? உடனே போயிடுமா?" என்று தரையில் படுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவினார். இடது காலை மட்டும் மடக்காமல் நீட்டியிருந்தார். போன மழைக்காலத்தில் வளைவில் வண்டி சறுக்கி, அந்தக் காலில் தகடு வைத்திருந்தார்கள். வண்டியையும் சரிசெய்து ஷெட்டில் மூடி வைத்தாகிவிட்டது.

"ஆபரேஷன் பண்ண டாக்டர் பொழுது போகாம உங்களைக் கூப்பிட்டார். நீங்களும் பல்லை இளிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க."

"மரியாதையா பேசு. தன்னோட பழைய மட்டைப் பையையே தூக்கிக் கொடுத்திருக்கார்."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுதான். அதுக்காக அந்த மாட்டை நடுக்கூடத்தில கட்டணுமா?"

பந்து கையில் சிக்கவில்லை. அவள் விடுவதாகவும் இல்லை.

"கல்யாணம் ஆனதிலேருந்து ஞாயித்துக்கிழமைன்னா உங்க பின்னாடி உட்கார்ந்து அணைக்கட்டு வரைக்கும் போயிட்டு வருவேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இப்ப அதையும் பிடுங்கிக்கிட்டுப் புல்லை மிதிக்கப் போறீங்க."

அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

"சரி, இப்ப என்ன பண்ணணும்கிற?"

"வண்டியை எடுங்க. இன்னிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் பைக்கிலதான் போறோம்."

"போகலை."

"போறோம்."

"போகலைன்னா போகலை. டாக்டர் தெருமுனைக்குக் கார் கொண்டு வர்றார்."

"ஆமா, நான் சொல்லி இந்த வீட்டில எது நடந்திருக்கு? வாசக்கதவுக்குப் பச்சை வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பச்சைதான் அடிச்சீங்க. பொண்ணை வெளியூர்ல படிக்க வைக்க வேண்டாம்னேன். மறுநாளே பெட்டியைக் கட்டினீங்க. என் பேச்சுக்கு என்ன மதிப்பு?"

"கதவு நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் சொல்றாங்க."

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த வண்டி ஷெட்டை விட்டு வெளியே போனா, நாம ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்துதான் போகணும். வேற யார் கை பட்டாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"அப்படியா?" என்று போனை எடுத்தார். "மெக்கானிக்கா? உன் மச்சானுக்கு என் வண்டியை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தியே. வந்து எடுத்துட்டுப் போ. இப்பவே."

மெக்கானிக் வந்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, நல்லா யோசிச்சீங்களா? அண்ணி அழறாங்க."

"அழட்டும். நீ எடு."

அவள் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் கையை எடுத்துவிட்டார். வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. சத்தம் தேயும்வரை அவரும் நின்று கேட்டார். பிறகு மட்டைப் பையைத் தோளில் மாட்டினார்.

"சீக்கிரம் வந்துடாதீங்க," என்று பின்னாலிருந்து கத்தினாள். "அந்தக் குழியையே கட்டிக்கிட்டு அங்கேயே கிடங்க."

"சீக்கிரமாத்தான் வருவேன். நீ யாரு அதைச் சொல்ல?"

அவர் தலை மறைந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"டாக்டர், வண்டி போயிடுச்சு. இன்னொரு தடவை விழுந்தா அந்தக் கால் தேறாதுன்னு நீங்க சொன்ன நாள்லேருந்து எனக்கு உயிரே இல்ல. ஓட்டாதீங்கன்னு நான் சொல்லியிருந்தா அன்னிக்கே ஏறி உட்கார்ந்திருப்பார். நான் கேட்டுக்கிட்டேன்னு அவரை விளையாடக் கூப்பிட்டீங்களே, கோடிப் புண்ணியம். மூணு மாசமா வேண்டாம் வேண்டாம்னு கத்தித் தொண்டை போயிடுச்சு. முனையில நிக்கறார், பத்திரமா கூட்டிட்டுப் போங்க."

"பிரமாதமா நடிச்சிருக்கீங்கம்மா."

"அழுதது மட்டும் நடிப்பில்ல, டாக்டர்."

போனை வைத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடித்த நிறம் பச்சைதான்.