இடது கன்னம்

ஹபீபுல்லா அன்று முகத்தைத் துடைத்தது ஒரு தடவையா, இரண்டு தடவையா என்று ஷ்ரேயஸுக்கு இப்போது நிச்சயமில்லை.

விசாரணையில் ஒரு தடவை என்றுதான் சொன்னான். சில நாட்களில் யோசித்தால் இரண்டு என்று தோன்றும்.

கசார்வாடியில் ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரி விரிப்புகள் வெளுக்கும் இடம். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோயிருந்தது. சரி செய்ய இருவர் போனார்கள்.

இருபத்தாறு வருடமாகப் பாய்லர்களோடு கிடந்தவர் ஹபீபுல்லா. ஷ்ரேயஸ் சேர்ந்து எட்டு மாதம்.

வேலை செய்வது ஹபீபுல்லா. பேசுவது ஷ்ரேயஸ். முதலாளி தினேஷ் போட்ட விதி அது.

ஹபீபுல்லாவின் முகத்தில் இடது பாதி வெந்து ஆறியது. காதிலிருந்து தாடை வரை தோல் மெழுகு மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். தன் முகத்தையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவன் என் பாய்லரை என்ன பார்ப்பான் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டார். அதன்பிறகு தினேஷ் ஹபீபுல்லாவை வாய் திறக்கவிடவில்லை. வானவடியிலிருந்து இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்த ஷ்ரேயஸை முன்னால் நிறுத்தினார்.

அந்த முகம் எப்படி வெந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஷ்ரேயஸும் கேட்கவில்லை.

"நீ பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள தம்பி, நான் தரகன். நான் வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுடும்," என்று வண்டியில் வரும்போது ஹபீபுல்லா சிரிப்பார். சிரிக்கும்போது வலது பக்கம் மட்டும்தான் அசையும்.

தமிழ் தெரியாத வாடிக்கையாளர் முன்னால் தமிழில் குசுகுசுத்தால் சந்தேகப்படுவார்கள். அதனால் இருவருமாக ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி என்றால் ஹபீபுல்லாவின் துண்டு தோளிலேயே இருக்கும். ஆபத்து என்றால் அதை எடுத்து முகத்தைத் துடைப்பார்.

அன்று பம்பைச் சரிசெய்து முடித்தபோது மணி பதினொன்று. மே மாதம். தகரக் கூரை. பாய்லரின் அடியில் நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஷ்ரேயஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சாலூ கரூ கா?" பம்பை ஓட்டலாமா என்று மராத்தியில் ஷ்ரேயஸைப் பார்த்துக் கேட்டார் ஆலை மேலாளர் அம்ருதா.

அவருக்குப் பின்னால் நின்ற ஹபீபுல்லா, பாய்லரின் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் குழாய். பிறகு துண்டை எடுத்தார். இடது கன்னத்தைத் துடைத்தார்.

ஷ்ரேயஸ் அதைப் பார்த்தான். குழாயையும் பார்த்தான். பாதி வரை தண்ணீர் தெரிந்தது. இந்த வெக்கையில் யாருக்குத்தான் வேர்க்காது என்று நினைத்தான்.

"ஓட்டலாம் மேடம்."

ஹபீபுல்லா நெருப்பை அணைக்கும் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"இவரை யார் தொடச் சொன்னது?" அம்ருதா ஷ்ரேயஸிடம்தான் கேட்டார். "முதல்ல கையை எடுக்கச் சொல்லுங்க."

ஷ்ரேயஸ் சொன்னான். "விடுங்க பாய். மேடம் பயப்படறாங்க."

ஹபீபுல்லாவின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு வாயைத் திறந்தார்.

அதற்குள் பம்பு ஓடத் தொடங்கிவிட்டது.

குழாயில் தெரிந்தது அடைபட்டு நின்ற பழைய தண்ணீர். பம்பு நின்றதிலிருந்து பாய்லர் உள்ளே வறண்டு, சிவக்கக் காய்ந்திருந்தது. அதன்மேல் பச்சைத் தண்ணீர் விழுந்ததும் பாய்லர் வெடித்தது.

ஹபீபுல்லா மூன்றாம் நாள் இறந்தார். போபோடியில் அடக்கம் நடந்தபோது ஷ்ரேயஸ் முகத்தில் கட்டுகளோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். விசாரணைக்கு வந்தவரிடம், வேர்வையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன் என்றான். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அம்ருதாவுக்கு ஒரு காது கேட்பதில்லை. தினேஷ் கம்பெனியின் பெயரை மாற்றிவிட்டார்.

ஷ்ரேயஸ் அங்கேயேதான் இருக்கிறான். நான்கு வருடத்தில் வேலையைக் கற்றுக்கொண்டான். வாடிக்கையாளரிடம் ஜெயந்த் என்ற புதுப்பையன் பேசுகிறான். ஷ்ரேயஸ் தோளில் துண்டோடு பின்னால் நிற்கிறான்.

மே மாதத்தில் அவனுக்கு நெற்றி வேர்க்கிறது. கழுத்து வேர்க்கிறது. வலது கன்னத்திலிருந்து சொட்டுகிறது.

வெந்த இடது கன்னம் வேர்ப்பதே இல்லை.